விழாத அடி

"வழக்கு எண்?" என்று கேட்டது சன்னல்.

"வழக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இவருக்குக் குடியை நிறுத்தணும். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கறனுங்க" என்றாள் கோகிலவாணி.

"வழக்கு எண் இல்லாதவர்களைப் பதிவு செய்ய இயலாது. நன்றி. அடுத்தவர்."

சன்னலுக்குப் பின்னால் ஆள் இல்லை, எந்திரம்தான் பேசுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் சமைக்கும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்கு விடுப்பு சொல்லி, கணவனைக் கைத்தாங்கலாகப் பிடித்து வந்து, கோவை மண்டலத் தெளிவகத்தின் வாசலில் காலை எட்டு மணியிலிருந்து வரிசையில் நின்றதற்குக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம். அவளுக்கு முன்னால் நின்றவன் பஸ் கண்ணாடியை உடைத்தவன். உள்ளே போய்விட்டான். பின்னால் நின்றவன் மைத்துனனின் காதைக் கடித்துத் துப்பியவன். அவனும் கைவிலங்கோடு, கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி உள்ளே போனான்.

சபரிநாதன் சுவரில் சாய்ந்து காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தான். மணி பதினொன்றுதான், அதற்குள் அவன்மேல் சாராய வாசனை அடித்தது.

"அண்ணா, உங்க ஏசி மோட்டார்ல பேரிங் போயிருக்குதுங்க. சத்தம் கேக்கலீங்களா? கழட்டிக் குடுத்தீங்கன்னா நானே மாத்தித் தர்றனுங்க."

கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன் அவன். குடித்தால் இன்னும் மரியாதைக்காரனாகிவிடுவான். எதிரில் வருகிற எல்லோரும் அவனுக்கு அண்ணனாகிவிடுவார்கள். பிறகு இருந்த இடத்திலேயே தூங்கிவிடுவான். பதினாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒரு தட்டைக்கூட வீசி எறிந்தவன் இல்லை. அந்த நல்ல குணம்தான் இன்றைக்கு அவனுக்குக் கதவை அடைத்தது.

கோகிலவாணி சன்னலை விட்டு நகர மறுத்ததால் உள்ளேயிருந்து ஒரு மருத்துவர் வந்தார். நிர்மல்ராஜ் என்று சட்டைப்பையில் எழுதியிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். ஓரமாக அழைத்துப் போய்ப் பொறுமையாகச் சொன்னார்.

"பாருங்கம்மா, குடிக்கணும்னு ஆசை வருதில்ல, அதுக்கு மூளையில ஒரு இடம் இருக்கு. குடிச்சுட்டுப் பண்ண தப்பு, அந்த அவமானம், அதுக்கும் ஒரு இடம். எங்க நினைவுப் பிணைப்பி இந்த ரெண்டையும் சேர்த்துத் தச்சிரும். அப்புறம் பாட்டிலை நினைச்ச உடனே அந்தத் தப்பும் கண்ணு முன்னால வந்து நிக்கும். ஒரு சொட்டு தொண்டையில இறங்காது. இருபத்தோரு நாள்தான். நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேர் திரும்பத் தொடறதே இல்லை."

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

"தைக்கிறதுக்கு ஒரு தப்பு வேணுமேம்மா. இவர் என்ன பண்ணியிருக்கார்?"

அவள் யோசித்தாள். "ஒண்ணும் பண்ணலீங்க. குடிச்சுட்டுத் தூங்குவாருங்க."

"அப்போ எந்திரத்தாலயும் முடியாது, சட்டத்தாலயும் முடியாது. கோர்ட்டு அனுப்புற ஆளுங்களுக்கு மட்டும்தான் இங்க சிகிச்சை."

அவள் பையிலிருந்து கல்லீரல் அறிக்கையை எடுத்து நீட்டினாள். இப்படியே போனால் அடுத்த பொங்கலைத் தாண்ட மாட்டான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நிர்மல்ராஜ் அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"யாரையாச்சும் வெட்டிட்டு வந்தாத்தான் பொழைக்க வெப்பீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஊருக்குள்ள ஒரு வம்பும் பண்ணாதவன் சாகட்டும். காதைக் கடிச்சவனுக்கு ராஜ வைத்தியம். நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

மருத்துவர் தரையைப் பார்த்தார். "நான் எதுவும் சொல்லலைம்மா" என்றார்.

அவர் எதுவும் சொல்லாததுதான் அவளுக்கு வழியைக் காட்டிக் கொடுத்தது.

மறுநாள் காலை கோகிலவாணி காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். பெண் உதவி ஆய்வாளர் அவள் வாயைத் திறக்கும் முன்பே, "அடிச்சாரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எங்க?"

அவள் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"எத்தனை தடவை?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "மூணு... இல்லீங்க, நாலு. அப்புறம் தோசைத் திருப்பியில முதுகுல ஒண்ணு."

மேசை மேல் இருந்த எழுதுகருவி அவள் சொல்லச் சொல்ல அதைப் புகார்த் தமிழாக மாற்றிக்கொண்டே வந்தது. உதவி ஆய்வாளர் அவள் கன்னத்தை உற்றுப் பார்த்தார். "காயம் இல்லாட்டி கேஸ் நிக்காதும்மா. போட்டோ வேணும். முகம் கழுவிட்டு வர்றதுன்னா பின்னால போயிட்டு வாங்க" என்றார். சொல்லும்போது அவரும் தரையைத்தான் பார்த்தார்.

கழிப்பறையின் கதவு நிலை இரும்பால் ஆனது. கோகிலவாணி கண்ணை இறுக மூடிக்கொண்டு அதில் தன் கன்னத்தை மோதினாள். முதல் தடவை பயத்தில் வேகம் போதவில்லை. இரண்டாவது தடவை காது அடைத்தது. திரும்பி வந்து படமெடுக்க முகத்தைக் காட்டினாள். புகாரின் அடியில் கைரேகை வைத்தாள்.

கோகிலவாணியையும் ஏற்றிக்கொண்டு போலீஸ் வண்டி வந்தபோது சபரிநாதன் கடையில் பழைய செப்புக் கம்பியைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான். விவரம் கேட்டு எழுந்து நின்றான்.

"நானா? கோகி, நானா உன்னை அடிச்சேன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாங்க."

அவன் வீங்கியிருந்த அவள் கன்னத்தைப் பார்த்தான். "குடிச்சா எனக்கு ஒண்ணும் தெரியறதில்லையே" என்று சொல்லிவிட்டு, காவலரைக் காத்திருக்க வைக்காமல் தானே வண்டியில் ஏறிக்கொண்டான். கோகிலவாணிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பொங்கலை நினைத்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

கோர்ட்டு வழியாகத் தெளிவகத்துக்குப் போய் இருபத்தோரு நாள் கழித்து வந்த சபரிநாதன் வேறு ஆள். கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது. பசித்துச் சாப்பிட்டான். கடையில் வேலை குவிந்தது. முக்கில் இருக்கும் மதுக்கடை வழியாக வரவேண்டியிருந்தால் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கோகிலவாணியை நிறுத்திப் பாராட்டினார்கள். தைரியமாகப் புகார் கொடுத்தாளாம்.

ஆனால் அவன் வீட்டுக்குள் படுக்கவில்லை. கடையிலேயே மோட்டார்களுக்கு நடுவில் பாய் விரித்துக்கொண்டான். அவள் டீ கொடுக்கப் போனால் இரண்டடி பின்னால் நகர்ந்து, டம்ளரை மேசை மேல் வைக்கச் சொல்வான். ஒருநாள் அவள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"ஏனுங்க, என்னைப் பாத்தாப் பேயாட்டம் தெரியுதுங்களா? எதுக்கு இப்படி ஒதுங்கறீங்க?"

"உனக்குத் தெரியாதா கோகி?" அவன் கண் கலங்கியது. "வலது கையால் உனது இடது கன்னத்தில் நான்கு முறை ஓங்கி அறைந்தேன். வேண்டாம், வேண்டாம் எனக் கதறியும் கேளாமல் தோசைத் திருப்பியால் முதுகில் தாக்கினேன். அப்புறம் எந்த மூஞ்சியோட உம் பக்கத்துல வந்து நிப்பேன்?"

எட்டாவதோடு படிப்பை விட்ட மனிதன் அவன். 'கதறியும் கேளாமல்' என்று பிறந்ததிலிருந்து பேசியது கிடையாது. அது எழுதுகருவியின் தமிழ். அவள் கைரேகை வைத்த வாக்கியம்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலீங்க" என்றாள்.

"நீ என்னைச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்ற. எனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்குதே."

மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் தலை பின்னிக்கொள்ளும்போது கேட்டாள். "அம்மா, அப்பா உன்னை எப்போ அடிச்சாரு? நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லையே." கோகிலவாணியின் விரல்கள் நின்றன. "நீ ஸ்கூலுக்குப் போயிருந்தப்போ கண்ணு" என்று சொன்னாள். அன்றிலிருந்து யாழினி அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

தெளிவகத்தில் மாதம் ஒருமுறை தெளிவர் கூட்டம் நடக்கும். குணமானவர்கள் குடும்பத்தோடு வந்து, தாங்கள் செய்த தப்பை எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிணைப்பு தளராமல் இருக்குமாம். கோகிலவாணி கணவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவன் அந்தத் தூரத்தைத்தான் அனுமதித்தான்.

முதலில் எழுந்தவன் போதை மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீண்டவன், இருபத்திரண்டு வயதுப் பையன், பெயர் ரோஷன். "சிங்காநல்லூர் குளக்கரை அருகே, சிவப்பு நிற இருசக்கர வாகனத்தில் தனியாகச் சென்று, நடந்து சென்ற மூதாட்டியின் கழுத்திலிருந்த சங்கிலியைப் பறித்தேன். அவர் நிலைதடுமாறிக் கீழே விழுந்து உயிரிழந்தார்" என்று சொல்லிவிட்டு விம்மினான். அடுத்த மாதம் அவனுக்குத் தீர்ப்பு.

நான்கு பேர் கழித்து நடுத்தர வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். "சிங்காநல்லூர் குளக்கரை அருகே, சிவப்பு நிற இருசக்கர வாகனத்தில் தனியாகச் சென்று..." என்று ஆரம்பித்தார்.

கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசி வரிசையிலிருந்து மூன்றாவதாக ஒருவன் எழுந்து அதையே, ஒரு சொல் மாறாமல் சொன்னான். மூன்று பேருமே தேம்பித் தேம்பி அழுதார்கள். மூன்று பேரும் உண்மையாகவே அழுதார்கள். கூட்டத்தில் ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் நிர்மல்ராஜின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள்.

"ஒரு கெழவிக்குக் கழுத்து எத்தனைங்க டாக்டர்?"

"உட்காருங்கம்மா. மூணு பேரும் சேர்ந்து செஞ்சிருப்பாங்க. ஆளுக்கு ஒரு விதமா ஞாபகம்..."

"மூணு பேருமே தனியாப் போனேன்னு சொல்றாங்க. ஒரே மாதிரிதான் சொல்றாங்க. உங்க எந்திரம் ஞாபகத்தைத் தேடலீங்க. போலீஸ் எழுதிக் குடுத்த கடுதாசியைப் படிச்சு உள்ள ஏத்தி விடுது."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "போதையில செஞ்சது மங்கலாத்தான் இருக்கும். அதை எந்திரம் போலீஸ் ஃபைலை வச்சுக் கொஞ்சம் துலக்கும். அது அனுமதிக்கப்பட்ட முறை."

"மங்கலாக்கூட இல்லாட்டி? நடக்கவே இல்லாட்டி?"

"நடக்கலைன்னு எப்படிச் சொல்றது? வர்ற அன்னைக்கு எல்லாருமே நான் செய்யலைன்னுதான் சொல்றாங்க. இருபத்தோராம் நாள் எல்லாரும் ஒத்துக்கறாங்க."

"எங்க ஊட்டுக்காரரு என்னை அடிக்கலீங்க. நான் பொய்ப் புகார் குடுத்தேன். அன்னைக்கு நீங்க கதவைச் சாத்துனீங்க, நான் இந்த வழியில வந்தேன்."

நிர்மல்ராஜ் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இதை அவர்கிட்ட நம்ப வச்சீங்கன்னா பிணைப்பு அறுந்துரும். ஒரு வாரத்துல பாட்டிலுக்குப் போயிருவார். அந்தக் கல்லீரல் இன்னொரு தடவை தாங்காது. நல்லாத்தானே இருக்கார்? விட்டுருங்களேம்மா."

அந்த வாரம் முழுக்க அவள் அரிசியைக் களையும்போதும் முட்டையை உரிக்கும்போதும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். விட்டுவிடலாம். கணவன் உயிரோடு இருப்பான், கடை நடக்கும், யாழினி ஒருநாள் சமாதானமாவாள். ஆனால் ரோஷன் என்ற பையன் செய்யாத கொலைக்காகச் சிறைக்குப் போவான், நியாயம்தான் என்று நம்பிக்கொண்டே போவான். அவனுக்காக வாதாட அவனே இருக்க மாட்டான். இந்த எந்திரம் இல்லாததையும் தைக்கும் என்பதைக் காட்ட, பொய்யென்று உறுதியாகத் தெரிந்த ஒரு புகார் வேண்டும். கொடுத்தவளே வந்து சொல்ல வேண்டும். அப்படி ஒரு புகார் அவளிடம் இருந்தது. செய்த பாவமே சாட்சியமாகக் கையில் இருக்கும்போது அதை மறைப்பது இன்னொரு பாவம் என்று அவளுக்குப் பட்டது.

சபரிநாதனின் வழக்கு முடிப்பு விசாரணை நாளில், பழக்கநோய்த் தனி நீதிமன்றத்தில் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னாள். கதவு நிலையைச் சொன்னாள். கல்லீரல் அறிக்கையைச் சொன்னாள். மூன்று பேர் பறித்த ஒரே சங்கிலியைச் சொன்னாள். பொய்ப் புகாருக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள் என்றாள்.

நீதிபதி ஒரு பெண். கடுமையான முகமில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "அம்மா, இந்த நாற்காலிக்கு முன்னால் வருகிற மனைவிகளில் பாதிப் பேர் கடைசியில் இதைத்தான் சொல்கிறார்கள். சங்கிலி வழக்கு இங்கே வேண்டாம். உங்கள் கணவரைக் கேட்போம்" என்றார்.

சபரிநாதன் கைகூப்பி நின்றான். "அவ நல்லவளுங்கம்மா. என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்றா. வலது கையால் இடது கன்னத்தில் நான்கு முறை ஓங்கி அறைந்தேனுங்க. வேண்டாம், வேண்டாம் எனக் கதறியும் கேளாமல்..."

"அது நான் கைநாட்டு வெச்சதுங்க!" கோகிலவாணி கத்தினாள். "அவரு பேசற பேச்சா அது? காது குடுத்துக் கேளுங்க! அது அத்தனையும் புகார்ல இருக்கறது!"

நீதிபதி கோப்பைப் புரட்டினார். ஒரு வரியின் மேல் விரல் வைத்துக்கொண்டார். "ஆமாம். பாதிக்கப்பட்டவரின் புகாரும் குற்றவாளியின் நினைவும் சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றன. இதைவிட உறுதியான சாட்சியத்தை இந்த நீதிமன்றம் கண்டதில்லை."

உத்தரவு அரைப் பக்கம்தான். சபரிநாதன் திருந்தியவன், விடுவிக்கப்படுகிறான். கோகிலவாணி, தொடர்ந்த வன்முறையால் நேர்ந்ததை மறுக்கும் நிலைக்கு ஆளாகியிருக்கிறாள். அவள் பொய்ப் புகார் கொடுத்ததாக நீதிமன்றம் கருதவில்லை. அவள்மேல் இரக்கம் காட்டி, அவளையும் இருபத்தோரு நாள் நினைவுப் பிணைப்பிச் சிகிச்சைக்கு அனுப்புகிறது.

வெளியே தாழ்வாரத்தில் பெண் காவலர் ஒருவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். நிர்மல்ராஜ் சற்றுத் தள்ளி உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டிருந்தார். கோகிலவாணிக்கு அழுகை வரவில்லை. யாரைத் திட்டுவது? எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் இரக்கம் காட்டிவிட்டார்கள்.

பல மாதங்களில் முதல் தடவையாகச் சபரிநாதன் தானாகவே அவள் அருகில் வந்தான். முகத்தில் அவ்வளவு கனிவு.

"பயப்படாத கோகி. வலிக்காது. மொதல் வாரம் தலை கொஞ்சம் கிறுகிறுங்கும், அவ்வளவுதான். இருபத்தோராம் நாள் எல்லாம் உனக்கும் ஞாபகம் வந்துரும்."

அவள் ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தாள்.

தாழ்வாரம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. வக்கீல்கள் பேச்சை நிறுத்தினார்கள். பதினாறு வருடத்தில் அந்தக் குடும்பத்தில் விழுந்த முதல் அடி அது. சபரிநாதன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோகிலவாணி தன் கையைப் பார்த்தாள். சிவந்திருந்தது. அதை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாருங்க. எரியுது. அறைஞ்சா உள்ளங்கை எரியுமுங்க, எனக்கே இப்பத்தான் தெரியுது. நாலு தடவை அறைஞ்சேன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, ஒரு தடவையாச்சும் உங்க கை எரிஞ்சுதுங்களா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. உங்களைத்தான் கேக்கறேன், எரிஞ்சுதுங்களா?"

அவன் கன்னத்திலிருந்து கையை எடுத்தான். "வலது கையால்..." என்று உதடு அசைந்தது. "இடது கன்னத்தில்..." அதற்கு மேல் போகவில்லை. வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான்.

நிர்மல்ராஜ் தாள்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அம்மா, கேக்காதீங்க! அவரை யோசிக்க விடாதீங்கம்மா!"

பெண் காவலர் கோகிலவாணியின் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. மருத்துவர் சபரிநாதனின் பெயரைச் சொல்லி அழைத்தார், முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. அவனுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. விரித்த கையைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தான்.